கல்யாணத்துக்குக் கேட்காத குணம்



மனநோய் வந்த பையனுக்கு நம் வீடுகளில் முதலில் சொல்லும் வைத்தியம் என்ன? "ஒரு கால்கட்டைப் போட்டா எல்லாம் சரியாயிடும்." உடனே ஜாதகம் எடுப்போம், மண்டபம் பிடிப்போம். அதே பையன் "நான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லட்டும். "முதல்ல குணமாகட்டும்ப்பா, அப்புறம் பாக்கலாம்." ஒரு பெண்ணின் கழுத்தில் தாலி கட்டக் கேட்காத குணத்தை, கடையில் உட்கார்ந்து பில் போட மட்டும் கேட்கிறோம்!

இதில் வீட்டாரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மருத்துவ உலகமே நெடுங்காலம் இப்படித்தான் நினைத்தது. முதலில் சிகிச்சை, பிறகு பயிற்சி, அதற்கும் பிறகு வேலை. பயிற்சி என்று நோயாளிகள் மெழுகுவர்த்தி ஊற்றினார்கள், காகித உறை ஒட்டினார்கள், பினாயில் கலந்தார்கள். சும்மா படுத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்தான். ஆனால் பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் பயிற்சியிலேயே நரைத்துப் போனார்கள். வேலை என்ற மூன்றாவது படி வரவே இல்லை.

அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஆய்வாளர்கள் டெபோரா பெக்கரும் ராபர்ட் டிரேக்கும் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார்கள். வேலை செய்ய விரும்புகிறாயா? அந்த ஒரு தகுதி போதும். முதலில் சந்தைக் கூலிக்கு உண்மையான வேலை. கற்க வேண்டியதை அங்கேயே கற்றுக்கொள். கூடவே ஆதரவுக்கு ஒரு வேலை உதவியாளர். அவர் மருத்துவர் குழுவோடு ஒன்றாக உட்காருகிறவர், ஒரே சமயத்தில் சுமார் 20 பேருக்கு மேல் ஏற்காதவர்.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். லண்டன், ஊல்ம், ரிமினி, சூரிச், க்ரோனிங்கன், சோஃபியா ஆகிய ஆறு நகரங்களில் கடுமையான மனநோய் உள்ள 312 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குப் பழைய பயிற்சி, பாதிப் பேருக்குப் புதிய முறை. 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. 18 மாதங்களில் ஒரு நாளாவது வெளிச்சந்தையில் வேலை பார்த்தவர்கள் பழைய முறையில் 28 சதவீதம், புதிய முறையில் 55. ஒரு நாள் என்பது சின்ன அளவுகோல்தான், ஒப்புக்கொள்கிறேன். புதிய முறையிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு அந்த ஒரு நாளும் கிடைக்கவில்லை, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் தாய்மார்கள் இன்னொரு கணக்கைக் கேளுங்கள். "வேலைக்குப் போனா டென்ஷன்ல திரும்ப வந்துடுமே" என்று பயப்படுகிறீர்கள் அல்லவா? மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் பழைய முறையில் 31 சதவீதம், புதிய முறையில் 20.

சரி, அந்த உதவியாளர் அப்படி என்னதான் செய்வார்? பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. இரவு போடும் மாத்திரையால் ஒருவருக்குக் காலை பத்து மணி வரை கண் சொக்கும். அவரை எட்டு மணி ஷிப்டில் போட்டால் மூன்றாம் நாள் "சோம்பேறி" என்ற பட்டத்தோடு வெளியே வருவார். உதவியாளர் முதலாளியிடம் பேசி பதினொரு மணி வேலை வாங்கித் தருவார். அல்லது மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்பார். இன்னொருவருக்குக் கூட்டம் ஆகாது; அவரைக் கல்லாவில் உட்கார வைக்காமல் குடோனில் சரக்குக் கணக்கு எழுத வைக்கலாம். மாதம் ஒரு நாள் மருந்து வாங்கப் போக வேண்டும், அன்று சம்பளம் பிடிக்கக் கூடாது என்று முதலாளியிடம் பேசி வைப்பார். நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா, எவ்வளவு சொல்வது என்பதை வேலைக்குப் போகிறவர்தான் முடிவு செய்வார். உதவியாளரோ அப்பாவோ அல்ல. வேலை போனால்? உதவியாளர் அடுத்த வேலை தேடித் தருவார். நம் பிள்ளைகள் எத்தனை வேலை மாறுகிறார்கள், அதையெல்லாம் நோய் என்றா சொல்கிறோம்?

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையனுக்காவது "அப்புறம் பாக்கலாம்" என்ற பதில் கிடைக்கிறது. பெண் சமைத்துப் பாத்திரம் கழுவினால் "அவ குணமாயிட்டா" என்று அத்தோடு முடித்துவிடுகிறோம். அவள் கையில் சம்பளம் வர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். அதற்குப் பிறகு நாடே சங்கிலியைப் பற்றிப் பேசியது. சங்கிலி கழன்றவர் மறுநாள் காலை எழுந்து எங்கே போவார் என்பதை அந்த அளவுக்குப் பேசவில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலையில் மனநோய் உள்ளவர்களையும் இடஒதுக்கீட்டுக்குள் கொண்டுவந்தது. மற்றச் சில பிரிவினரோடு சேர்ந்து ஒரு சதவீதம். நல்லதுதான். ஆனால் வேலைகள் பெரும்பாலும் அரசிடம் இல்லை. வணிகர்களே, உங்கள் கடைகளில், பட்டறைகளில், மில்களில் இருக்கின்றன.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். மாவட்ட மனநலத் திட்டக் குழுவில் மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் இருக்கிறார்கள். வேலை தேடித் தர ஒருவர் இல்லை. அந்தப் பணியிடத்தைக் கேட்டு இந்த வணிகர் சங்கம் அரசுக்கு ஒரு தீர்மானம் அனுப்ப வேண்டும். இரண்டாவது, உங்களுக்கு. நன்கொடை கேட்கவில்லை, கேட்டால் கொடுப்பீர்கள் என்று தெரியும். உங்களிடம் ஆள் தேவைப்படும் வேலை எது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, மற்றவர்களுக்குத் தரும் சம்பளம் எவ்வளவு, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் செயலாளரிடம் கொடுங்கள். வேலைக்கு வருகிறவரின் நோய் என்ன என்று எழுத அந்தத் தாளில் இடம் வேண்டாம்.