மறைப்பதால் நோய் மறையாது

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டுதோறும் இந்த மேடையில் பெரியோர்கள் பக்தியைப் பற்றியும் தொண்டைப் பற்றியும் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். இவ்வாண்டு தலைவர் அவர்கள், "வாத்தியார் ஐயா, உங்கள் மனத்திற்குப் பட்டதைப் பேசுங்கள்" என்று எனக்கு உரிமை கொடுத்துவிட்டார்கள். முப்பத்து மூன்று ஆண்டுகள் கெடா மாநிலத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றி ஓய்வு பெற்ற எனக்கு, மனத்தில் நெடுநாளாகக் கனத்துக்கொண்டிருக்கும் ஒன்று உண்டு. அதை இன்று உங்கள் முன் இறக்கி வைக்க விரும்புகிறேன். பொருள், கோவிட் கிருமி. அந்தப் பேச்சு முடிந்துபோன கதைதானே என்று எண்ண வேண்டாம். சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகிறேன்.

2020 மார்ச் 18 ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஆலயக் கதவுகளை நம் கையாலேயே அடைத்தோம். சில மாதங்களில் நிலைமை சீரடைந்து, மக்கள் சற்றே மூச்சு விட்ட வேளையில், ஆகஸ்டு மாதம் ஒரு செய்தி வந்தது. தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் வழியாகக் கெடாவில் ஒரு தொற்றுத் திரள் உண்டாகிவிட்டது என்றும், அதற்குச் 'சிவகங்கா திரள்' என்று பெயர் என்றும் சொன்னார்கள். ஆகஸ்டு 16 ஆம் நாள், அன்றைய சுகாதாரத் தலைமை இயக்குநர் டான் ஸ்ரீ டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா அவர்கள், அத்திரளைச் சேர்ந்த மூவரிடம் 'டி614ஜி' என்ற உருமாற்றம் கொண்ட கிருமி காணப்பட்டதாக அறிவித்தார்.

என் தந்தையார் சிவகங்கைச் சீமையிலிருந்து கப்பலேறி இந்நாட்டுக்கு வந்தவர். ஊர்ப் பெயரைச் சொல்லும்போதே அவர் குரல் நிமிரும். அந்தப் பெயரைத் தொலைக்காட்சியில் நோயின் பெயராகக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட வருத்தத்தைச் சொல்லி முடியாது. சந்தையில் நமக்குத் தெரிந்த மனிதர்களே நம்மைப் பார்த்து ஒதுங்கி நடந்தார்கள். நம் சமூகத்தின் மீது பழி விழுந்துவிட்டதே என்று நான் பல இரவுகள் உறங்கவில்லை. அதனால்தான் இந்த உருமாற்றம் என்றால் என்ன என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்ததை ஆசிரியர் முறையில் சொல்கிறேன்.

இந்தக் கிருமியின் உள்ளே ஒரு நீண்ட குறிப்பு இருக்கிறது. தன்னைப் போல் இன்னொன்றைச் செய்வது எப்படி என்ற குறிப்பு. அதில் ஏறத்தாழ 30,000 எழுத்துகள். ஆனால் அதன் நெடுங்கணக்கில் நான்கே எழுத்துகள்தாம். மனித உடலுக்குள் புகுந்ததும் கிருமி தன் குறிப்பைப் படியெடுக்கிறது. படியெடுக்கும்போது எழுத்துப் பிழை நேர்கிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிச் செல்லும் கிருமி வரிசையில், மாதத்திற்குச் சுமார் இரண்டு பிழைகள் சேர்ந்து நிலைத்துவிடுகின்றன. பெரும்பாலான பிழைகளால் கிருமிக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. எப்போதோ ஒரு பிழை அதற்குச் சாதகமாக அமைந்துவிடுகிறது. அப்போது அது முன்னிலும் வேகமாகப் பரவுகிறது.

வகுப்பில் சொல்வதெழுதுதல் வைத்த எந்த ஆசிரியருக்கும் இது புரியும். நாற்பது தாள்களைத் திருத்தும்போது, 'பள்ளிக்கூடம்' என்பதை மூன்று மாணவர்கள் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பாக எழுதியிருந்தால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்கவே வேண்டியதில்லை. பிழையே சாட்சி சொல்லிவிடும். தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏட்டுச் சுவடிகளைத் தேடி, 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார் அல்லவா? ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறிப்பதும் இதே வழியைச் சேர்ந்ததுதான். இரண்டு ஏடுகளில் ஒரே பிழை இருந்தால் இரண்டுக்கும் மூல ஏடு ஒன்றாக இருக்கலாம். நோயாளியிடம் எடுத்த மாதிரியிலுள்ள கிருமியின் எழுத்துகளை வரிசையாகப் படித்து, மற்றவற்றோடு ஒப்பிட்டு, அது எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிப்பதையே மரபணு வரிசைப்படுத்தல் என்கிறார்கள். நம் நாட்டில் 1900 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் இந்தப் பணியைச் செய்தது. பல்கலைக்கழகங்களும் கைகொடுத்தன.

சரி, அந்த எழுத்துகள் சிவகங்கையைப் பற்றி என்ன சாட்சி சொல்லின? டி614ஜி என்பது சிவகங்கையில் பிறந்ததே அன்று! 2020 தொடக்கத்திலேயே ஐரோப்பாவில் பெருகி, அவ்வாண்டு நடுப்பகுதிக்குள் உலகின் பெரும்பாலான இடங்களில் நிலைபெற்றுவிட்டது. அதே அறிவிப்பில், பிலிப்பைன்ஸிலிருந்து திரும்பியவர்களால் உண்டான உலு திராம் திரளிலும் அது இருந்ததாகக் கூறப்பட்டது. அந்தத் தனிமனிதர் தனிமைப்படுத்தலை மீறினார், தண்டனையும் பெற்றார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் ஊரின் தலையிலும் ஓர் இனத்தின் தலையிலும் விழுந்த பழியைத் துடைத்தது எது? நம் கோபமோ கண்டனக் கூட்டமோ அன்று. கிருமியின் எழுத்தைப் பொறுமையாகப் படித்த ஆய்வுக்கூடம்தான்.

ஊர்ப் பெயரை நோய்க்குச் சூட்டும் வழக்கம் பழையது. 1999 இல் நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா என்ற ஊரின் பெயரே நிப்பா கிருமிக்கு வந்தது. இன்றும் உலகம் அப்படியே அழைக்கிறது. இனி அவ்வாறு இடப் பெயர்களைச் சூட்ட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015 இல் வேண்டுகோள் விடுத்தது. ஆயினும் 2021 மே மாதம் 'சிங்கப்பூர் வகை' என்று ஒரு பேச்சு இந்தியாவில் கிளம்பியது. சிங்கப்பூர் அதை உடனே மறுத்தது. அங்கே அப்போது பரவியது, முதலில் இந்தியாவில் கண்டறியப்பட்ட வகையே என்று மரபணு ஆய்வைக் காட்டிச் சொன்னது. அம்மாதம் 31 ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் ஆல்பா, பீட்டா, காமா, டெல்ட்டா என்று கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டியது. அதன்பின் எந்த ஊரும் தலைகுனிய வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பணியில் முன்னின்ற நாடுகளில் ஒன்று பிரிட்டன். 2020 மார்ச்சிலேயே 2 கோடி பவுண்டு ஒதுக்கி, பேராசிரியர் ஷரன் பீக்காக் அவர்களின் தலைமையில் ஆய்வுக்கூடங்களை ஒன்றிணைத்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் ஊரடங்கு நடைமுறையில் இருந்தும் கெண்ட் வட்டாரத்தில் மட்டும் நோய் குறையவில்லை. ஏன் என்று தேடியபோது, சேமித்து வைத்த எழுத்துகளிலிருந்து புதிய வகை ஒன்று வெளிப்பட்டது. அதுவே ஆல்பா. செப்டம்பர் மாத மாதிரியிலேயே அது இருந்திருக்கிறது. படித்து வைத்திருந்ததால்தான் பின்னால் திரும்பிப் பார்க்க முடிந்தது.

அடுத்தது தென்னாப்பிரிக்கா. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1860 நவம்பர் 16 ஆம் நாள் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பலில் நம் மக்கள் கூலிகளாகச் சென்று இறங்கிய டர்பன் நகரத்தை நீங்கள் அறிவீர்கள். அந்த டர்பனிலிருந்த ஆய்வுக்கூடத்தில் பேராசிரியர் துலியோ டி ஒலிவேரா அவர்களின் குழு 2020 இல் பீட்டா வகையைக் கண்டுபிடித்தது. மறு ஆண்டு நவம்பரில் தென்னாப்பிரிக்க, போட்ஸ்வானா அறிவியலாளர்கள் மற்றொரு வகையைக் கண்டார்கள். கிருமியின் மேலுள்ள முள் போன்ற பகுதியில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள். காத்திருக்கவில்லை. எழுத்துகளை உலகத்தின் பொதுப் பெட்டகத்தில் வைத்து, 2021 நவம்பர் 24 ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனத்திடம் தெரிவித்தார்கள். இரண்டே நாளில் அதற்கு ஓமிக்ரான் என்று பெயர் வந்தது.

உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்ன? பல நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்குக் கதவை அடைத்தன. நம் நாடும் அடைத்தது. உல்லாசப் பயணத்தை நம்பியிருந்தவர்கள் பிழைப்பை இழந்தார்கள். அந்நாட்டு அதிபர் ரமபோசா தம் ஆழ்ந்த ஏமாற்றத்தை வெளிப்படையாகச் சொன்னார். பிறகு என்ன தெரிந்தது? நெதர்லாந்தில் நவம்பர் 19 ஆம் நாளே எடுத்த மாதிரியில் ஓமிக்ரான் இருந்தது. நம் நாட்டிலும் அப்படித்தான். நவம்பர் 19 ஆம் நாள் தென்னாப்பிரிக்காவிலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்து ஈப்போவில் தனிமைப்படுத்தப்பட்ட ஒரு மாணவியின் மாதிரியை மீண்டும் ஆய்ந்து, டிசம்பர் 3 ஆம் நாள் அறிவித்தார்கள். நாம் கதவை அடைப்பதற்கு முன்பே கிருமி உள்ளே வந்துவிட்டது. அது வந்ததை நமக்குக் காட்டிக் கொடுத்தது எது? தென்னாப்பிரிக்கர்கள் மறைக்காமல் வெளியிட்ட அதே எழுத்துகள்தாம். யாருக்குக் கதவடைத்தோமோ அவர்கள் ஏற்றிய விளக்கின் வெளிச்சத்திலேயே நம் வீட்டைப் பார்த்தோம்.

மெய்யன்பர்களே, இதையெல்லாம் ஊருக்கு உபதேசமாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போக என் மனச்சான்று இடம் கொடுக்கவில்லை. நம் ஆலயத்திலும் ஒன்று நடந்தது.

2021 ஆகஸ்டு மாதம். டெல்ட்டா உச்சத்தில் இருந்த நேரம். அம்மாதம் 26 ஆம் நாள் ஒரே நாளில் நம் நாட்டில் 24,599 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த நாள்களில் மடப்பள்ளியில் உதவியாக இருந்த ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து, கோவிட் என்று தெரிந்தது. அன்றிரவு தொலைபேசி வழியாகக் குழுவில் பேசினோம். விதிப்படி அவரை ஒதுக்கி வைத்தோம். இடத்தைக் கழுவிச் சுத்தம் செய்தோம். ஆனால் வருகைப் பதிவேட்டில் இருந்தவர்களுக்குச் சொல்வதா என்று கேள்வி வந்தபோது, "ஆலயத்துக்குக் கெட்ட பெயர் வந்துவிடும், உபயக்காரர்கள் பின்வாங்கிவிடுவார்கள், இரண்டு மூன்று நாள் பொறுப்போம்" என்று ஒரு கருத்து எழுந்தது. நான் எதிர்த்துப் பேசவில்லை. சிவகங்கை என்ற பெயர் கெட்டபோது பட்ட பாடு என் நெஞ்சில் இருந்தது. இன்னொரு பழி வேண்டாம் என்று நானும் மௌனமாக இருந்துவிட்டேன்.

நம் ஆலயத்துக்குப் பல ஆண்டுகளாகப் பூச்சரம் கட்டிக் கொடுத்து வந்த அம்மையாரை உங்களில் பலர் அறிவீர்கள். அந்த மூன்று நாளும் வழக்கம்போல் வந்து மடப்பள்ளித் திண்ணையில் உட்கார்ந்து பூக் கட்டினார். மறுவாரம் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். திரும்பி வரவில்லை.

அவருடைய மகன் என்னிடம் படித்தவர். காரியமெல்லாம் முடிந்தபின் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "சார், கோயில்ல யாருக்காச்சும் இருந்துச்சா?" என்று கேட்டார். "இருந்தது தம்பி" என்றேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா அம்மாவ அனுப்பியிருக்க மாட்டேன் சார்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். மாணவன் ஆசிரியரிடம் பேசும் அதே பணிவோடு சொன்னார்.

அவருக்கு எங்கிருந்து தொற்றியது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. மரபணு ஆய்வுக்குச் சென்றவை, நாட்டின் மாதிரிகளில் ஒரு சிறு பங்குதான். அந்த அம்மையாரின் மாதிரியோ மடப்பள்ளிப் பிள்ளையின் மாதிரியோ அவற்றில் இல்லை. சந்தையிலிருந்தும் வந்திருக்கலாம், வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம். அந்தச் சாட்சி எனக்குக் கிடைக்கவே போவதில்லை. ஆனால் என் மௌனத்துக்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. அது எனக்கே தெரியும். ஒரு பெயரைக் காப்பாற்றுவதற்காக வாய் மூடியிருந்தேன். உலகமே பழிக்கும் என்று தெரிந்தும் தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் வாய் திறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று, அம்மையாரின் மகனை நேரில் சென்று பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்து, குடிக்கத் தேநீர் கொடுத்தார். இப்போது தம் தாயாரின் பெயரால் வெள்ளிக்கிழமைதோறும் பூ உபயம் அவரே செய்து வருகிறார்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே உண்டு. நோயின் காரணத்தை ஆராய வேண்டும் என்று வள்ளுவர் அங்கே வலியுறுத்துகிறார். காரணம் தெரிய வேண்டுமானால் முதலில் நோய் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நாடாயினும் ஆலயமாயினும் குடும்பமாயினும் அதுவே முதல் படி.

2023 மே 5 ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் அவசரநிலையை முடித்துக்கொண்டது. நம் நாட்டில் மட்டும் 37,000 பேருக்கு மேல் இழந்திருக்கிறோம். உலகப் பொதுப் பெட்டகத்தில் சேர்ந்த கிருமி வரிசைகள் 1.5 கோடியைத் தாண்டிவிட்டன. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் மூக்கில் குச்சியை விட்டுக்கொண்ட ஒரு மனிதர் இருக்கிறார். அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாரும் நாள் குறிக்க இயலாது. வரும்போது நாம் எப்படி நடந்துகொள்வோம் என்பதை இன்றே குறித்து வைக்கலாம்.

ஆகவே நம் குழுவின் சார்பில் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, ஆலயத்தில் பணி செய்வோர் எவருக்கேனும் தொற்றுநோய் என்று உறுதியானால், நோயாளியின் பெயரை வெளியிடாமல், அன்றைக்கே அறிவிப்புப் பலகையிலும் தொலைபேசிச் செய்தியிலும் அறிவிப்பது என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது, நாள் சம்பளத்தில் இருக்கும் மடப்பள்ளி, துப்புரவு ஊழியர்கள் நோயுற்றால் சம்பளம் குறையாமல் ஓய்வெடுக்க, ஒரு சிறு நிதி ஒதுக்க வேண்டும். சோற்றுக்கு வழி போய்விடும் என்று அஞ்சுகிறவன் காய்ச்சலைச் சொல்ல மாட்டான். நன்கொடையாளர்களாகிய நீங்கள் மனம் வைத்தால் இது பெரிய தொகை அன்று. முதல் பங்காக என் ஓய்வூதியத்திலிருந்து ஒரு மாதத் தொகையைத் தலைவர் அவர்களிடம் இப்போதே ஒப்படைக்கிறேன்.