பத்து ரூபாய் வாஷரும் பத்து மதிப்பெண்ணும்

(தாம்பரம் பகுதி ஆசிரியர்களின் குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிய உணவு முடிந்த நேரத்தில் என்னைப் பேச அழைத்திருக்கிறீர்கள். தூக்கம் வந்தால் கவலைப்பட வேண்டாம். வெளியே கைகழுவும் இடத்தில் ஒரு குழாய் சொட்டுகிறது, அந்தச் சொட்டை எண்ணிக்கொண்டிருங்கள். என் பேச்சும் அந்தக் குழாயைப் பற்றியதுதான்.

'நாமே செய்யக்கூடிய சிறு வேலைகளும் அன்றாடச் சிக்கனமும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. பிள்ளைகளுக்குச் சிக்கனம் சொல்லிக் கொடுக்க நான் தயாரித்த பாடத்தைப் பற்றிப் பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அதற்கு முன் எனக்கே ஒரு பெற்றோர் பாடம் நடத்தினார். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், வளரறி மதிப்பீட்டுக்காக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 'நீர் சேமிப்பு' என்ற தலைப்பில் ஒரு மாதிரி செய்து வரச் சொன்னேன். ஒரு மாணவி தெர்மாகோலில் அழகான வீடு செய்து வந்தாள். மாடியில் தொட்டி, பக்கத்தில் நீல வண்ணக் குழாய், கீழே கிணறு. பத்துக்குப் பத்து போட்டேன். அன்று மாலை அவளுடைய அம்மா பள்ளி வாசலில் காத்திருந்தார். சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் தையல் வேலை செய்பவர். வேலை முடிந்து நேராக வந்திருந்தார்.

"மிஸ், தெர்மாகோல், பெயிண்ட், கலர் பேப்பர்னு இருநூத்தி நாப்பது ரூபா ஆயிடுச்சு. மூணு நாளா ராத்திரி உக்காந்து நான்தான் மிஸ் ஒட்டினேன். அவளுக்கு மார்க் வந்துடும்ல?"

அவர் குறை சொல்லவில்லை. உண்மையாகவே மதிப்பெண் வந்துவிடுமா என்றுதான் கேட்டார். வந்துவிட்டதும்மா என்றேன். அவர் நிம்மதியாகப் போனார், எனக்குத்தான் நிம்மதி போயிற்று. சிக்கனத்தைப் பற்றிய பாடத்துக்கு அந்த வீட்டில் 240 ரூபாய் செலவு. அதில் மாணவி கற்றது எதுவும் இல்லை. ஒரு வாரம் கழித்து அந்த வீடு குப்பைக்குப் போனது. தெர்மாகோல் தட்டும் குவளையும் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்களும் நாம், தெர்மாகோல் அட்டையில் மாதிரி செய்து வரச் சொல்பவர்களும் நாம்.

அதற்குப் பிறகு எனக்கு நானே மூன்று கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். நான் கொடுக்கும் செயல்திட்டத்துக்குப் பெற்றோர் கடைக்குப் போகக் கூடாது. பிள்ளை தன் கையால் செய்ய வேண்டும். முடிவில் ஓர் எண் கிடைக்க வேண்டும், அதாவது அளந்து கண்டுபிடித்த ஓர் அளவு. இந்த மூன்றாவதுதான் முக்கியம். 'தண்ணீரை வீணாக்காதே' என்று எழுதிய சார்ட்டைப் பார்த்து யாரும் குழாயை மூடியதில்லை. எவ்வளவு வீணாகிறது என்று தெரிந்தவர்கள் மூடுகிறார்கள்.

முதலில் குழாயை எடுத்துக்கொண்டோம். சொட்டும் குழாயின் கீழ் ஒரு டம்ளரைப் பத்து நிமிடம் வைக்க வேண்டும். விழுந்த நீரை மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடியால் அளக்க வேண்டும். ஒரு நாளில் 144 பத்து நிமிடங்கள் உள்ளன. 50 மில்லிலிட்டர் விழுந்திருந்தால் நாளுக்கு 7.2 லிட்டர், 30 நாளுக்கு 216 லிட்டர். நம் பகுதிப் பிள்ளைகளுக்கு லிட்டரைவிட நன்றாகத் தெரிந்த அளவு 20 லிட்டர் கேன். 216 லிட்டர் என்றால் கிட்டத்தட்ட 11 கேன் என்றதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. குழாயில் சொட்டுவது கேன் தண்ணீர் அல்ல, போர் தண்ணீர்தான். ஆனால் அதை மேலே ஏற்ற மோட்டார் ஓடுகிறது, அதற்கு மின்கட்டணம் உண்டு என்பதையும் சேர்த்தே பேசினோம்.

அடுத்தது பழுது நீக்குவது. பழைய வகைத் திருகு குழாய் சொட்டுவதற்குப் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்ததுதான் காரணம். தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, குழாயில் மிச்சமுள்ள நீரை வடியவிட்டு, ஸ்பேனரால் மேல் பகுதியைக் கழற்றி, வாஷரை மாற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். பள்ளிக் குழாய் ஒன்றை நானே பிள்ளைகள் முன் கழற்றினேன். எங்கள் தெருக் கடையில் வாஷர் பத்து ரூபாய். கால் சுற்றில் திறக்கும் புதுவகைக் குழாயில் தனி வாஷர் மாற்ற முடியாது, உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். சுவரோடு சேரும் மரையில் கசிந்தால் வாஷர் உதவாது. குழாயைக் கழற்றி, மரையில் பூட்டும் திசையிலேயே டெஃப்லான் டேப் சுற்றி மாட்ட வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் பூட்டும்போது டேப் பிரிந்து வந்துவிடும். இதை நான் முதல் முறை தப்பாகச் செய்து, பிள்ளைகள் முன் நனைந்துதான் கற்றுக்கொண்டேன்.

அன்று ஒரு மாணவன் எழுந்து சொன்னான். "எங்க வீட்ல குழாயே இல்ல மிஸ். லைன் வீடு. வாசல்ல ஒரு குழாய்தான், எல்லாருக்கும்."

எல்லார் வீட்டிலும் குழாய் இருக்கும் என்று நினைத்தது என் தவறு. நாம் வீட்டுப்பாடம் கொடுக்கும்போது நம் வீட்டை மனதில் வைத்துத்தான் கொடுக்கிறோம். 'வீட்டில் உள்ள குழாய்' என்பதை 'நீ பயன்படுத்தும் ஏதாவது ஒரு குழாய்' என்று அங்கேயே மாற்றினேன். அவன் வாசல் குழாயை அளந்து வந்தான். பத்து நிமிடத்தில் 100 மில்லிலிட்டர். மாதத்துக்கு 432 லிட்டர் என்று அவனே கணக்குப் போட்டிருந்தான். அந்தத் தாளை அவன் அப்பா வீட்டு உரிமையாளரிடம் காட்டியிருக்கிறார். அவர் நம்பவில்லை. பையன் டம்ளரை எடுத்து வந்து அவர் கண்ணெதிரே வைத்திருக்கிறான். இரண்டு நாளில் வாஷர் மாற்றப்பட்டது. பல மாதங்களாக அங்கிருந்த எல்லாரும் சொல்லிப் பார்த்து நடக்காதது, ஓர் எண்ணைக் காட்டியதும் நடந்தது. அந்தப் பையனுக்கு நான் போட்ட பத்து மதிப்பெண் அவனே சம்பாதித்தது.

இரண்டாவது மழை. தாம்பரத்துக்காரர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் இங்கே 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை கணக்காகவே புரிந்துகொள்ள முடியும்.

அதற்கு ஒரு மழைமானி போதும். பக்கங்கள் நேராக உள்ள பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் மேல் பகுதியை வெட்டி, அதையே தலைகீழாகப் புனல்போல் பொருத்த வேண்டும். அடிப்பகுதி சமமாக இருக்காது. அதனால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் வரை நீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போட்டு, அதற்கு மேல் காகித அளவுகோலை ஒட்ட வேண்டும். மரமும் சுவரும் மறைக்காத இடத்தில் வைத்து, வானிலைத் துறையைப் போலவே நாமும் காலை 8.30 மணிக்குக் குறிக்கலாம். குறித்ததும் நீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் குறைத்துவிட வேண்டும்.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு வரி தெரிந்தால் மற்றதெல்லாம் பெருக்கல்தான். 10 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் உள்ள வகுப்பறைக் கூரை 60 சதுர மீட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் 84,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரியில் ஏழு லாரி. ஆவியாவதும் சிதறுவதும் முதல் மழையில் கூரையைக் கழுவி விடுவதும் போக ஐந்து லாரியாவது நிற்கும். அந்த 2015 டிசம்பர் நாளில் மட்டும் இதே கூரையில் விழுந்தது 29,400 லிட்டர்.

நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது போட்ட குழாய்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. வாயில் இலை அடைத்திருக்கும், உறிஞ்சு குழியில் மண் மேவியிருக்கும். ஐப்பசிக்கு முன் மாடியைக் கூட்டி, குழாய் வாயில் ஒரு பழைய கொசுவலைத் துண்டைக் கட்டி, குழியின் மேல் மணலைப் பெரியவர்கள் மாற்றினாலே போதும். மாடிக்குப் பெரியவர்களோடுதான் ஏற வேண்டும் என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

தொடக்கநிலை ஆசிரியர்கள், 'எங்களுக்கு என்ன?' என்று பார்க்கிறீர்கள். உங்களுக்கு அரவிந்த் குப்தா இருக்கிறார். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லாரித் தொழிற்சாலையில் பொறியாளராக இருந்தவர். 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்துக்குப் போனார். அங்கே சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து அவர் உருவாக்கிய மாதிரிகள் நாடெங்கும் பரவின. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தீக்குச்சிக்குப் பதில் நம்மிடம் தென்னை ஈர்க்கு இருக்கிறது. வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, இரு முனையிலும் ஈர்க்கைச் செருகினால் வளையும் மூட்டு கிடைக்கும். நடுவில் துளையிட்டு இன்னொன்றைக் கோத்தால் மூன்று, நான்கு குச்சிகள் சேரும். முக்கோணம் செய்து அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள், அது அசையாது. சதுரத்தை அழுத்தினால் சாய்ந்துவிடும். குறுக்கே ஒரு குச்சி வைத்தால் சதுரமும் நிற்கும். மின் கோபுரத்திலும் ரயில்வே நடைமேம்பாலத்திலும் ஏன் அத்தனை முக்கோணங்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள். வால்வு டியூபை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். சின்னத் துண்டுகளை வாயில் போடும் வயதுப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.

மாதிரி செய்வதோடு வீட்டுக்குப் பயன்படுவதையும் செய்யலாம். அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அதற்குப் புதுப் பை வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பழைய பேன்ட்டின் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, மறுமுனையில் இரண்டு நாடா வைத்தால் பை தயார். எங்கள் வகுப்பில் ஆண் பிள்ளைகளும் ஊசியில் நூல் கோத்தார்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். சண்முகம் சாலைக் கடைத்தெருவில் என் மாணவன் ஒருவன் அந்தப் பையோடு நின்றதைப் பார்த்தேன். அவன் அதை மறைக்கவில்லை. பழசைத் தைத்துப் பயன்படுத்துவதை இல்லாமையின் அடையாளமாகப் பிள்ளைகள் நினைக்கத் தொடங்கிவிட்டார்கள். வகுப்பில் எல்லாரும் சேர்ந்து செய்யும்போது அந்தக் கூச்சம் போய்விடுகிறது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. குழாய் சரிசெய்த உற்சாகத்தில் ஒரு மாணவன் வீட்டில் ஸ்விட்ச் பெட்டியைத் திறக்கப் போய்விட்டான். பாட்டி பார்த்துத் தடுத்திருக்கிறார். அன்றிலிருந்து என் கரும்பலகையில் முதலில் எழுதுவது, தொடக் கூடாதவற்றின் பட்டியல். மின்சாரம், கேஸ் அடுப்பு, மூடிய தொட்டி ஆகிய மூன்றையும் நாமே செய்து மிச்சம் பிடிக்கக் கூடாது. அவற்றுக்கு அந்த வேலை தெரிந்தவர் வேண்டும், அவருக்குரிய கூலியைக் கொடுக்க வேண்டும். எதை நாமே செய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று பிரித்தறிவதும் சிக்கனத்தைச் சேர்ந்ததுதான்.

அடுத்த பருவத்துக்குச் செயல்திட்டம் எழுதும்போது, தலைப்பின் பக்கத்தில் 'இதற்குப் பெற்றோருக்கு ஆகும் செலவு' என்று ஒரு கட்டம் போட்டு, ஒரு தொகையை எழுதிப் பாருங்கள். வகுப்பில் 40 பிள்ளைகள் என்றால் அதை 40-ஆல் பெருக்குங்கள். நான் பெருக்கிப் பார்த்தேன். அந்த ஒரு தெர்மாகோல் வீட்டின் கணக்குப்படி என் ஒரே ஒரு செயல்திட்டம் 9,600 ரூபாய். அதுவும் இரவு உட்கார்ந்து ஒட்டியவர்களின் கூலி சேராமல்.

கூட்டம் முடிந்ததும் என்னோடு இரண்டு பேர் வாருங்கள். என் பையில் ஸ்பேனர் இருக்கிறது, வாஷரும் இருக்கிறது. வெளியே அந்தக் குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது.