நால்வருக்கு உரிய பலகை

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சமயச் சொற்பொழிவுகள் ஒலிக்கும் இம்மேடையிலே கரம் விளையாட்டைப் பற்றி ஒருவன் பேச வந்துவிட்டானே என்று மூத்தோர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சூதாடி நாடிழந்த தருமரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு ஆட்டமென்றாலே ஓர் ஐயம் எழுவது இயல்பே. ஆனால் கரம் சூதன்று. பணம் வைத்தால் எதுவுஞ் சூதாகும். வையாவிடின் இது கண்ணும் விரலும் மனமும் ஒன்றுபடும் பயிற்சி. மேலும், யான் பேசப்போவது ஆட்டத்தின் நுட்பங்களையன்று. நமது மண்டபத்தின் வாசல்வரை வந்து திரும்பிப் போகும் பிள்ளைகளைப் பற்றியே பேச விழைகின்றேன்.

மாலை ஆறு மணிக்கு மண்டபத்தின் பக்க அறையை எட்டிப் பாருங்கள். ஒரு பலகை, நான்கு முக்காலிகள், அவற்றில் நேற்றிருந்த அதே நால்வர். அவர்களைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கைகட்டி நிற்பர். "வென்றவர் இருக்க, தோற்றவர் எழும்ப வேண்டும்" என்பது நமது அறையின் எழுதாச் சட்டம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? புதிதாக வந்த தம்பி ஒரு மணி நேரங் காத்து நிற்கின்றான். தன்னைப் போலவே ஆடத் தெரியாத இன்னொருவனோடு சோடி சேர்ந்து உட்காருகின்றான். பத்து நிமிடத்தில் தோற்று எழும்புகின்றான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் வாரம் அவன் வருவதில்லை. கைத்தொலைபேசியில் ஆடும் ஆட்டத்தில் யாரும் அவனை எழும்பச் சொல்வதில்லையல்லவா?

நமது கோயில் அன்னதானப் பந்தியை நினைத்துப் பாருங்கள். நன்றாக உண்டவர் எழும்பாமல் இருக்க, பசித்தவர் சுற்றிநின்று பார்ப்பதை நாம் எங்காவது பொறுத்துக்கொள்வோமா? பலகையருகில் மட்டும் பொறுத்துக்கொள்கின்றோம்.

பிறர்மேல் மட்டும் பழி சுமத்த யான் வரவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் புதிதாகச் சென்றபோது, விடுதிப் பொதுஅறையில் பல வாரங்கள் யானும் பின்னால் நின்று பார்த்தவன்தான். ஒருவரும் "தம்பி, இரும்" என்று சொன்னதில்லை. அந்த வருத்தத்தை மறவாதிருந்திருக்க வேண்டிய யானே, சென்ற ஆண்டு இதே மண்டபத்தில், முதல் அடியிலேயே ஸ்ரைக்கரைக் குழியில் வீழ்த்திய ஒரு சிறுவனைப் பார்த்து, "நீர் போய் மாபிள் அடியும்" என்று பலரும் சிரிக்கச் சொன்னேன். அவனும் சிரித்தான். அதன்பின் அவன் கரம் அறைக்கு வரவில்லை. சில நாளில் சங்கத்துக்கே வருவதை நிறுத்திவிட்டான். தெருவிலே காணும்போது இன்றும் தலைகுனிந்து போகின்றான். உண்மையில் தலைகுனிய வேண்டியவன் யான்.

யான் பயின்ற மிஷன் பாடசாலையின் விடுதியில் வேறொரு வழக்கம் இருந்தது. தவணைக்குப் புதிதாக வந்த மாணவனே முதல் அடி அடிப்பான். அவனுக்கு எதிரே துணைவனாக மேல்வகுப்பு மாணவன் ஒருவனை விடுதிப் பொறுப்பாளர் இருத்துவார். காரணம் ஒன்றுஞ் சொல்லமாட்டார். சிறுவனாயிருந்த எனக்கு அது வெறும் கட்டுப்பாடாகத் தோன்றியது. இன்றுதான் அதன் அருமை விளங்குகின்றது.

கரம் அதற்கென்றே அமைந்த ஆட்டம் எனலாம். இருவர் ஆடலாம், நால்வர் ஆடினால் துணைவர் இருவரும் எதிரெதிரே இருப்பர். வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று, ஆகப் பத்தொன்பது காய்கள். சிவப்பை வீழ்த்தியவர் தொடர்ந்து தம் நிறக்காய் ஒன்றையும் வீழ்த்தாவிடின் சிவப்பு மீண்டும் நடுவுக்கு வந்துவிடும். இங்கேதான் துணையின் அருமை தெரியும். திறமையுள்ளவர் தாமே எல்லாக் காயையும் வீழ்த்த முயல்வதிலும், துணைவருக்கு எளிதாக அமையும்படி ஒரு காயை நகர்த்தி வைப்பது கடினமான கலை. "புதியவரோடு ஆடினால் என் கை மழுங்கிவிடும்" என்று நமது வீரர்கள் சொல்வதில் ஓரளவு உண்மையுண்டு, மறுக்கமாட்டேன். ஆனால் இந்தக் கலையைப் புதியவரோடு ஆடாமல் எங்கே பழகுவது?

இன்னொரு தொல்லை, சட்டம். நம்மவர் வீட்டுக்கு வீடு வெவ்வேறு விதமாக ஆடுவர். ஒரு வீட்டில் கறுப்புக்கு ஒரு புள்ளி, வெள்ளைக்கு வேறு புள்ளி; இன்னொரு வீட்டில் நிறம் பிரித்தே ஆடவேண்டும். அம்மம்மா வீட்டில் பழகியபடி ஆடும் பிள்ளையைப் பார்த்து "இது தெரியாதா?" என்று நாம் அதட்டுகின்றோம். அவனுக்குத் தெரியும்; நமது வழக்கம் அவனுக்குத் தெரியாது, அவ்வளவே. சர்வதேசக் கரம் சம்மேளனம் 1988 இல் சென்னையில் அமைக்கப்பட்டது. அதன் முறைப்படி ஒவ்வொரு காயும் ஒரு புள்ளி, சிவப்பு மூன்று புள்ளி. இருபத்தைந்து புள்ளி எடுத்தவரோ எட்டுச் சுற்றின் முடிவில் முன்னிற்பவரோ வென்றவர். இதனை அழகிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை ஓயும். மீதிச் சண்டை இல்லாவிட்டால் விளையாட்டிற் சுவையில்லை என்பார் நமது பொருளாளர்!

இது சிறுபிள்ளை விளையாட்டென்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். 2012 இல் கொழும்பில் நடந்த உலகப் போட்டியில் ஆடவர் ஒற்றையரில் வென்றவர் நமது நாட்டவரான நிஷாந்த பெர்னாண்டோ. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் இருமுறை உலகச் சாம்பியனாகி, 1996 ஆம் ஆண்டுக்குரிய அர்ச்சுனா விருதைப் பெற்றார். 2024 இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, வடசென்னையில் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் மகள்; அப்போது அவருக்கு வயது பதினேழு. ஒரு பெண்பிள்ளைக்கு முக்காலி கொடுத்ததால் விளைந்த பயன் அது. நமது அறையில் எத்தனை சகோதரிகள் அமர்ந்து ஆடியிருக்கின்றார்கள்? இச்சபையில் வலப்புறம் இருப்போரே விடை கூறட்டும்.

ஆகவே செயற்குழுவுக்கு எனது வேண்டுகோளைச் சொல்லிவிடுகின்றேன். கிழமை நாட்களில் இருபத்தைந்து புள்ளிவரை ஆடாது, ஒரு சுற்று முடிந்ததும் வென்றவரும் எழும்பவேண்டும். பழையவர் ஒருவரும் புதியவர் ஒருவருமே துணைவராதல் வேண்டும். அடிப்பதற்கு முன் ஒருவரும் வாய் திறந்து "இப்படி அடி, அப்படி அடி" என்று கூறலாகாது. கேட்டால் மட்டும், அதுவும் சுற்று முடிந்தபின் சொல்லலாம். மூத்தவர்களுக்கு இதுதான் மிகக் கடினமாக இருக்கும். சனிக்கிழமை மாலையைத் திறமைசாலிகளுக்கே விட்டுவிடுவோம். அவர்கள் முழு ஆட்டம் ஆடட்டும், மற்றவர் நின்று பார்த்துப் பழகட்டும். நல்ல ஆட்டத்தைப் பார்ப்பதும் ஒரு பாடமே. வாரம் ஒரு மாலையைச் சகோதரிகளுக்கு ஒதுக்குவதா, எல்லா மாலைகளிலும் அவர்கள் கலந்து ஆடுவதா என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.

பலகையின் இரண்டு மூலை வலைகள் கிழிந்து காய்கள் நிலத்தில் விழுகின்றன; பவுடரும் முடிந்துவிட்டது. பொருளாளர் அவர்கள் இதனைக் கவனிப்பார்களென நம்புகின்றேன். வருகின்ற திங்கட்கிழமை ஆறு மணிக்கு யான் பலகையருகில் இருப்பேன். அதற்கு முன் அந்தத் தம்பியின் வீட்டுக்கு ஒருமுறை சென்றுவர எண்ணியிருக்கின்றேன். அவன் வந்தால், முதல் அடி அவனுடையது.