எபிசோட் 41: மூழ்கறதுக்குன்னே ஒரு கப்பல்

ஆபீஸ் வேலையா டெக்சாஸ்ல ரெண்டு வருஷம் இருந்தேன்னு முன்னாடியே சொல்லியிருக்கேன். அங்க ஆறு மாசம் உட்கார்ந்து கையால ஒரு போர்க்கப்பல் மாடல் செஞ்சேன். குளத்துல இறக்கின முதல் நாளே அது மூழ்கிடுச்சு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

இது 1970களின் கடைசியில டெக்சாஸ்லயே ஆரம்பிச்ச விளையாட்டு. நிஜப் போர்க்கப்பல்களை 144ல் ஒரு பங்கு அளவுல செய்யணும். ரிமோட்ல ஓட்டணும். உள்ளே இருக்கற குட்டி பீரங்கி, கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்துல 4.5 மில்லிமீட்டர் இரும்பு குண்டைச் சுடும். நிஜமாவே ஓட்டை விழும், நிஜமாவே மூழ்கும். அதனால கரையில நிக்கற எல்லாருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

கப்பலோட பக்கச் சுவர் பால்சா மரம். தடிமன் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. உள்ளே விலா எலும்பு மாதிரி சட்டங்கள், அது மேல இந்தத் தோல். சுவரை பலமாக்கி ஜெயிக்கலாம்னு நினைச்சா நடக்காது, குண்டு துளைச்சே ஆகணும்கறது விதி. தண்ணியை வெளியேத்த பம்ப் வைக்கலாம், ஆனா அது துப்பற துவாரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். தண்ணிக்கோட்டுக்கு மேல ஓட்டை விழுந்தா எதிரிக்கு 10 புள்ளி, கோட்டுல விழுந்தா 25, கீழே விழுந்தா 50.

எந்தக் கப்பல் செய்யறது? எல்லாரும் பிஸ்மார்க், யமாட்டோன்னு போவாங்க. நான் எடுத்தது எம்டன். ஆமாங்க, 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம மெட்ராஸ் துறைமுகத்துல குண்டு போட்டு எண்ணெய் டேங்குகளைக் கொளுத்தின அதே ஜெர்மன் கப்பல். வீட்டுல "அவன் சரியான எம்டன்டா"ன்னு சொல்றோமே, அந்த வார்த்தை அங்கிருந்து வந்ததுதான்.

வீடியோ கால்ல பாட்டிகிட்ட காட்டினேன். பெருமைப்படுவாங்கன்னு பார்த்தா, "நம்ம ஊர் மேல குண்டு போட்ட கப்பலையாடா செய்யற? அன்னைக்கு ஆளுங்க செத்திருக்காங்க, தெரியுமா? ஊரைக் காலி பண்ணிட்டு ஓடினவங்கள்ல எங்க தாத்தாவும் ஒருத்தர்"னாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலை. "சும்மா விளையாட்டு பாட்டி"ன்னு சொல்லிட்டு வெச்சிட்டேன். ஆனா அது மனசுல உறுத்திட்டே இருந்துச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். நிஜ எம்டன் நீளம் 118 மீட்டர், மாடல்ல 82 சென்டிமீட்டர். எடைக்கு 144ஐ மூணு தடவை பெருக்கி வகுக்கணும். முழுச் சுமையோட சுமார் 4,270 டன் இருந்த கப்பல், மாடல்ல 1.4 கிலோ! அதுக்குள்ள மோட்டார், பேட்டரி, கேஸ் பாட்டில், பீரங்கி, பம்ப், ரிசீவர் எல்லாம் அடங்கணும். அகலம் 9 சென்டிமீட்டர் சொச்சம். பிஸ்மார்க் செஞ்சவருக்கு 17 கிலோ கிடைக்கும், அவர் ஜாலியா அடுக்கிட்டுப் போயிடுவார். நான் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் சமையலறைத் தராசுல வெச்சு எடை போட்டேன்.

முதல் சண்டை. மொத்தமே நாலு ஓட்டைதான். பம்ப் ஓடுது, தைரியமா வேகமா ஒரு திருப்பம் திருப்பினேன். கப்பல் அப்படியே சாய்ஞ்சது, நிமிரவே இல்லை, போயிடுச்சு. குளத்து மேல கயிறு கட்டின மிதவை மட்டும் வந்து நின்னுச்சு. பேன்ட்டை மடிச்சிட்டு இடுப்பளவு தண்ணியில இறங்கி எடுத்துட்டு வந்தேன்.

பக்கத்துல இருந்த ஒரு பெரியவர், ரொம்ப வருஷமா இதை ஆடறவர், உள்ளே பார்த்துட்டுச் சிரிச்சார். "தண்ணி போக வழியே வைக்கலையே தம்பிங்கற மாதிரி ஏதோ சொன்னார். விஷயம் இதுதான். அடித்தளத்தைச் சமதளமா விட்டிருந்தேன். கப்பல் திரும்பும்போது உள்ளே இருந்த தண்ணி முழுக்க ஒரு பக்கம் ஓடிடுச்சு. அந்த எடை இன்னும் சாய்க்குது, சாய்ஞ்சதும் இன்னும் தண்ணி அங்கயே ஓடுது. நடுவுல இருந்த பம்ப் வெறும் காத்தை உறிஞ்சிட்டு இருந்திருக்கு. நிஜக் கப்பல்களையே கவிழ்த்திருக்கற பிரச்சினை இது.

அடி வாங்காம இருக்கறது எப்படின்னே ஆறு மாசம் யோசிச்சிருக்கேன். அடி வாங்கினப்புறம் என்ன ஆகும்னு யோசிக்கவே இல்லை. கோட் எழுதறவங்களுக்குப் புரியும், நம்ம எர்ரர் ஹேண்ட்லிங் லட்சணம் அப்படித்தானே!

அன்னைக்கு ராத்திரியே தோலை உரிச்சேன். உள்ளே ரெண்டு பக்கமும் நுரைக்கட்டை வெச்சு மேடாக்கி, நடுவுல ஒரு வாய்க்கால் விட்டேன், அதோட முடிவுல பம்ப். செத்துப்போன சர்வோவை மாத்தினேன். புதுத் தோல் ஒட்ட ஒரு சாயங்காலம் போதும்.

அடுத்த சண்டையில 11 ஓட்டை. "அஞ்சு"ன்னு கத்தினேன். அப்படி அறிவிச்சா அஞ்சு நிமிஷம் தாக்குப்பிடிச்சுட்டு வெளியே வந்துடலாம். அந்த அஞ்சு நிமிஷமும் பம்ப் பீய்ச்சிட்டே இருந்துச்சு. கப்பல் கரைக்கு வந்துடுச்சு.

பாட்டிக்கு மறுபடி கால் பண்ணேன். இந்தத் தடவை நழுவலை. "நீங்க கேட்டது சரிதான் பாட்டி. இதைச் செய்யறப்போதான் அந்த ராத்திரியைப் பத்தியே ஒழுங்கா படிச்சேன். இந்தக் கப்பலுக்குள்ள ஆள் இல்லை, அதனாலதான் இது விளையாட்டு"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "கப்பல் பொழைச்சுதா?"ன்னு கேட்டாங்க.

"பொழைச்சுது பாட்டி."

"எம்டனாச்சே!"

அவ்வளவுதான் மக்களே. நீங்க ஆசையா செஞ்சு உடைஞ்சுபோன விஷயம் எதாவது இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!