ரத்தமும் ஒரு மில்லிகிராமும்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'மருத்துவத்திலும் உயிரியலிலும் அண்மைக்கால முன்னேற்றங்கள்'. அதற்குப் பதினைந்து நிமிடம்! நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். பிழைப்புக்கு கன்ட்ரோல் வால்வு பார்க்கிறவன். "ஊர்ல டாக்டருங்களே இல்லையா, உங்களப் போய்க் கூப்பிட்டிருக்காங்க?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். எல்லா முன்னேற்றங்களையும் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஒரே ஒரு நோயைப் பற்றி மட்டும் 2009ஆம் ஆண்டிலிருந்து விடாமல் படித்து வருகிறேன். அதற்குக் காரணம் எங்கள் செட்டில் படித்த ஒரு நண்பன். பெயரைச் சொல்லக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை. எங்கள் செட்டுக்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

ஹாஸ்டல் மைதானத்தில் சாயங்காலம் கிரிக்கெட் நடக்கும். அவன் மட்டும் வேப்பமரத்தடியில் ஸ்கோர் நோட்டோடு உட்கார்ந்திருப்பான். "எனக்கு விளையாட்டு வராதுடா" என்பான். மெஸ் ஃப்ரிட்ஜில் அவனுடைய சின்னப் பெட்டி ஒன்று எப்போதும் இருக்கும். அலர்ஜி மருந்து என்று சொல்லி வைத்திருந்தான். நாங்கள் அவனுக்கு 'கண்ணாடி' என்று பெயர் வைத்தோம். வைத்ததில் நானும் ஒருவன்.

மூன்றாம் ஆண்டு, 2009 பிப்ரவரி. துறைகளுக்கு இடையிலான போட்டி. பதினோரு பேரில் ஒருவன் ஊருக்குப் போய்விட்டான். "சும்மா பவுண்டரி ஓரமா நில்லுடா, பந்து வந்தா நாங்க பாத்துக்குறோம்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான்தான். பந்து வந்தது. குனிந்தான். கார்க் பந்து முழங்காலில் பட்டது. சிரித்துக்கொண்டே எழுந்து எறிந்தான். மேட்சும் ஜெயித்தோம். ராத்திரி பதினொரு மணிக்கு அவன் முழங்கால் தேங்காய் மாதிரி வீங்கியிருந்தது.

பைக்கில் உட்காரவைத்து, கண்ணில் பட்ட முதல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் இப்போது வேண்டாம். "எனக்கு இடுப்புல ஊசி போடாதீங்க சார்" என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. பயப்படுகிறான் என்று நினைத்து, "போடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றேன். போட்டார்கள். விடிவதற்குள் இடுப்பு தொடைவரை கறுத்துவிட்டது. பிறகு கார் பிடித்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். அங்கே டியூட்டியில் இருந்த இளம் டாக்டர்தான் அந்தச் சொல்லை முதலில் எனக்குச் சொன்னார்: ஹீமோபிலியா. பதினோரு நாள் அங்கே இருந்தான். அட்டெண்டன்ஸ் கணக்கில் எங்கள் துறைத் தலைவர் அன்று செய்த உதவியை இந்த மேடையில் நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த முழங்கால் அதற்குப் பிறகு முழுசாக நீளவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ரத்தம் என்பது எப்படிப்பட்ட திரவம் பாருங்கள். குழாய்க்குள் ஓடும்வரை தண்ணீர் மாதிரி ஓடவேண்டும். குழாய் எங்கே ஓட்டையாகிறதோ அங்கே மட்டும், சில நிமிடங்களில் கெட்டியாக வேண்டும். பக்கத்தில் ஓர் அங்குலம் தள்ளிக்கூடக் கெட்டியாகக் கூடாது. எங்கள் தொழிலில் இப்படி ஒரு திரவத்தை டெண்டரில் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். உடம்பு இதை ஒரு தொடர் சங்கிலியாகச் செய்கிறது. ஒரு புரதம் அடுத்ததைத் தூண்ட, அது அதற்கு அடுத்ததைத் தூண்ட என்று போகும். நம் ஊர் ரிலே சர்க்யூட் மாதிரி. இவற்றுக்கு 'ஃபேக்டர்' என்று பெயர். ரோமன் எண் போட்டு அழைப்பார்கள். ஒன்பதாம் ஃபேக்டர் பத்தாம் ஃபேக்டரைத் தூண்ட வேண்டும். பக்கத்தில் எட்டாம் ஃபேக்டர் துணைக்கு நின்றால் அந்த வேலை லட்சம் மடங்கு அளவில் வேகமாகிறது. அது இல்லையென்றால் வேலை நடக்கிறது என்றே சொல்ல முடியாது.

இந்த எட்டாம் ஃபேக்டர் நம் உடம்பில் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? முழு ரத்தத்திலும் சேர்த்து ஒரு மில்லிகிராம் கூடத் தேறாது. அந்த ஒரு மில்லிகிராம் இல்லாமல்தான் என் நண்பன் பிறந்தான். நார்மல் அளவில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்தால் கடுமையான ஹீமோபிலியா ஏ. சுமார் 5000 ஆண் குழந்தைகளுக்கு ஒன்று ஹீமோபிலியா ஏ-யோடு பிறக்கிறது.

சின்னக் கீறல் பட்டாலே ரத்தம் கொட்டிச் செத்துப்போவார்கள் என்பது சினிமாக் கதை. ரத்தம் வேகமாகக் கொட்டாது, நிற்க நேரமாகும், அவ்வளவுதான். உண்மையான தொல்லை உள்ளே. முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளுக்குள் அடி படாமலே கசியும். திரும்பத் திரும்பக் கசிந்து மூட்டையே தின்றுவிடும்.

எட்டாம் ஃபேக்டருக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமின் நுனியில் இருக்கிறது. ஆணுக்கு ஒரே எக்ஸ். அது பழுதானால் மாற்று இல்லை. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் பெரும்பாலும் நோய் வெளியே தெரியாமல் சுமந்துகொண்டிருப்பாள். சுமார் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளின் குடும்பத்தில் முன்பு யாருக்குமே இருந்திராது, புதிதாக முளைத்த பழுது. கடுமையான நோய் உள்ளவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு ஜீனில் எந்த எழுத்தும் காணாமல் போகவில்லை. ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வயரை மாற்றிக் கொடுத்த மாதிரி! இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் கமிஷனிங்கில் தினமும் பார்க்கிற தப்பு அல்லவா இது?

சிகிச்சையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறையவைத்த பிளாஸ்மாவை மெதுவாக உருக்கினால் அடியில் தங்கும் வண்டலில் எட்டாம் ஃபேக்டர் சேர்ந்திருக்கிறது என்று ஜூடித் கிரஹாம் பூல் என்ற அமெரிக்கப் பெண்மணி 1964இல் கண்டுபிடித்தார். பிறகு ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைக் கலந்து பொடியாக்கிக் கொடுத்தார்கள். வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். அந்தப் பொடி வழியாகத்தான் 1980களில் எச்.ஐ.வி. வந்தது. அமெரிக்க ஹீமோபிலியா நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தொற்றியது. ஒரு தலைமுறையே போய்விட்டது. 1984இல் ஜீனைப் பிரித்தெடுத்தார்கள். 1992இல் செல்களில் வளர்த்த ஃபேக்டர் அனுமதி பெற்றது. ஆனாலும் பாதி மருந்து சுமார் பன்னிரண்டு மணி நேரத்தில் கரைந்துவிடும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நரம்பில் ஊசி. என் நண்பனின் கையைப் பார்த்தால் ரயில்வே மேப் மாதிரி இருக்கும்.

2017 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எமிசிசுமாப் என்ற மருந்து எனக்கு மிகவும் பிடித்தது. ஜப்பானில் உருவானது. அது எட்டாம் ஃபேக்டரே இல்லை. இரண்டு கை உள்ள ஓர் ஆன்டிபாடி. ஒரு கையால் ஒன்பதைப் பிடிக்கும், மறு கையால் பத்தைப் பிடிக்கும், இரண்டையும் அருகருகே நிறுத்தும். எட்டு இருந்தால் என்ன செய்யுமோ அதையே செய்துவிடுகிறது. பார்ட் கிடைக்கவில்லையென்றால் ஒரு ஜம்பர் போட்டு லைனை ஓட்டுவோமே, அது! தோலுக்கடியில் ஊசி, வாரம் ஒன்று, அல்லது நான்கு வாரத்துக்கு ஒன்று. இந்தியாவிலும் கிடைக்கிறது. விலைதான் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறது.

இனி ஜீன் சிகிச்சை. வெளியிலிருந்து மருந்து கொடுத்துக்கொண்டே இருப்பதற்குப் பதில், உடம்புக்கே செய்முறையைக் கொடுத்துவிடுவது. லண்டன் குழு ஒன்பதாம் ஃபேக்டர் குறைவுக்கு இதைச் செய்து 2011 டிசம்பரில் ஆறு பேரின் முடிவுகளை வெளியிட்டது. ஏஏவி என்ற சாதுவான வைரஸ்தான் கூரியர். ஜீனைக் கல்லீரலில் கொண்டுபோய் இறக்கும். எட்டாம் ஃபேக்டரில் ஒரு சிக்கல். அந்த வைரஸின் பை 4700 எழுத்துதான் கொள்ளும். எட்டின் செய்முறையோ சுமார் 7000 எழுத்து. நல்லவேளையாக நடுவில் 'பி' என்று ஒரு பகுதி. அதை வெட்டியெடுத்தாலும் புரதம் வேலை செய்கிறது. வெட்டித் திணித்தார்கள். ஐரோப்பா 2022இலும் அமெரிக்கா 2023 ஜூனிலும் அனுமதித்தன. அறிமுக விலை 29 லட்சம் டாலர்! ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள். ஒன்பதாம் ஃபேக்டருக்கான இன்னொன்றின் அறிமுக விலை 35 லட்சம் டாலர். கொடுத்த பிறகும், எட்டின் அளவு வருடா வருடம் இறங்கிக்கொண்டே வருகிறது. ஒன்பதுக்கான வேறொரு சிகிச்சையை, அமெரிக்காவில் அனுமதி வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், 2025 பிப்ரவரியில் கம்பெனியே நிறுத்திக்கொண்டது. வாங்க ஆளில்லை.

இப்போது வேலூர். 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. சி.எம்.சி.யில் டாக்டர் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர், அமெரிக்க எமரி பல்கலைக்கழகத்தில் உருவான ஒரு ஜீன் வடிவமைப்பை வைத்துச் செய்தது. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ள ஐந்து பேர், 22 வயது முதல் 41 வரை. இவர்கள் கல்லீரலைத் தொடவில்லை. நோயாளியின் ரத்த மூலசெல்களை வெளியே எடுத்து, அவற்றில் ஜீனை ஏற்றி, திரும்ப உடம்பில் விட்டார்கள். அந்த மூலசெல்களிலிருந்து பிறக்கிற வெள்ளை அணுக்கள் ஃபேக்டரைச் செய்கின்றன. கடைசி மூன்று பேருக்கு, ஜீன் நன்றாக ஏற ஒரு துணைப்பொருளும் சேர்த்தார்கள். அவர்களுக்கு அளவு நன்றாகவே உயர்ந்தது. ஐவரையும் சேர்த்து 81 மாதக் கண்காணிப்பு. செல்கள் உடம்பில் வேரூன்றிய பிறகு ரத்தக்கசிவு பூஜ்யம். முதல் இரண்டு பேருக்கு ஏறிய அளவு மிகக் குறைவு, அவர்களுக்கும் பூஜ்யம்தான்.

ஜீனை ஏற்றிய கூரியர் யார் தெரியுமா? லென்டிவைரஸ். எச்.ஐ.வி.யின் பல்லைப் பிடுங்கி, பெருகவிடாமல் செய்து தயாரித்தது. 1980களில் இவர்களைக் கொன்ற அதே வைரஸ். இந்த இடத்தில் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன்.

அன்று ராத்திரியே போன் வந்தது. "மாப்ளே, வேலூர் சமாசாரம் படிச்சியா?"

"படிச்சேன்டா."

"உன் பாஷையில சொல்லு. தப்பாப் போனா மூடுறதுக்கு வால்வு இருக்கா?"

இந்த முறை அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து நேரில் போய்ச் சொன்னேன். வால்வு இல்லை. ஜீன் குரோமோசோமிலேயே போய் ஒட்டிக்கொள்கிறது, எடுக்க முடியாது. போடுவதற்கு முன் பலமான மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையைக் காலி செய்ய வேண்டும். அந்த நாட்களில் சாதாரண ஜுரமே ஆபத்து. மூளையைத் தாக்கும் வேறொரு நோய்க்கு, வேறு வடிவமைப்பில் கொடுத்த லென்டி சிகிச்சையில், 67 பேரில் 7 பேருக்கு ரத்தப் புற்றுநோய் வகை வந்ததாக அதே ஜர்னல் 2024 அக்டோபரில் எழுதியிருந்தது. வேலூரில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து பேர்தான், அதிகபட்சம் 27 மாதம்தான். இன்னொன்றையும் சொன்னேன். ரத்தம் உறையும், முழங்கால் திரும்ப வராது.

அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பாப்பாவுக்கு?" என்றான்.

ஹீமோபிலியா உள்ள அப்பாவின் மகள்கள் அத்தனை பேரும் அந்த எக்ஸைச் சுமப்பவர்கள். மஜ்ஜையை மாற்றினாலும் வித்துச் செல்கள் மாறுவதில்லை. சுமக்கிற பெண்களுக்கும் அளவு குறைவாக இருக்கலாம் என்பதே நம் ஊரில் பலருக்குத் தெரியாது. மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு, பிரசவத்தில் ஆபத்து; "உடம்பு வாகு" என்று சொல்லித் தள்ளிவிடுவோம். ஆறு வயதுப் பெண்ணுக்கு அதுவரை ஒரு டெஸ்ட் எடுக்கவில்லை. அடுத்த வாரம் எடுத்தார்கள். 32 சதவீதம். 40க்குக் கீழே என்றால் அதுவே லேசான ஹீமோபிலியா கணக்கு. பல் பிடுங்குவது முதல் எதற்கும் இனி சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

"எனக்கு இப்ப வேண்டாம்டா. அம்பது பேருக்குப் போட்டு அஞ்சு வருஷம் ஆகட்டும். அதுவரை ஊசியே ஓடட்டும்" என்று முடிவு செய்தான். நான் அவன் இடத்தில் இருந்தால் வேறு மாதிரி முடிவெடுத்திருப்பேனோ என்னவோ. ஆனால் ஒரு தடவை அவனுக்காக நான் முடிவெடுத்ததன் பலனைத்தான் பார்த்தாயிற்றே.

மாணவர்களிடம் சொல்லச் சொல்லி அவன் கொடுத்தனுப்பிய விஷயம் ஒன்று உண்டு. ஹாஸ்டலில் யாருக்காவது அடி பட்டு மூட்டு வீங்கினால் ஐஸ் வையுங்கள், அசைக்காதீர்கள், ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். அவன் "ஊசி வேண்டாம்" என்று சொன்னால் ஏன் என்று கேளுங்கள். ஃபேக்டர் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கிறது.

நாளை காலை ஏழு மணிக்கு முன்னாள் மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் மேட்ச். நம் பக்கம் ஒரு ஆள் குறைவதாகச் செயலாளர் சொன்னார். விருப்பம் உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். ஸ்கோர் நோட்டுக்கு ஆள் வந்தாயிற்று; மகளையும் கூட்டி வந்திருக்கிறான்.