பிடிக்காவிட்டால் போய்விடு என்பவர்களுக்குப் பதில்

(உதகை காந்தலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிறந்து வளர்ந்த நாட்டைவிட்டு ஜனங்கள் ஏன் வெளியேறுகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இதைப் பேசுவதற்கு நீலகிரியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் வேறு இல்லை. ஒரு நாட்டின் சர்க்கார் தன் தொழிலாளிகளை எப்படி வெளியேற்றியது என்பதற்குச் சாட்சி சொல்லும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் இன்றும் வாழ்கின்றன.

அந்தக் கதைக்கு வருமுன் அமெரிக்காவைச் சற்றுப் பார்த்துவிடுவோம். அங்கிருந்தும் ஜனங்கள் வெளியேறுகிறார்கள் என்று பத்திரிகைகளில் படிக்கிறோம் அல்லவா?

டாலர் நாட்டிலிருந்து ஓட்டம்

செல்வம் கொழிக்கும் நாடு, சுதந்திரத்தின் கோட்டை என்று அமெரிக்காவைப் பற்றிச் சொல்லிச் சொல்லி நம் காதுகளைப் புளிக்க வைத்துவிட்டார்கள். அந்த நாட்டுப் பிரஜைகளில் ஒரு பகுதியினர் "இந்த சர்க்காரும் வேண்டாம், இந்த விலைவாசியும் வேண்டாம்" என்று மெக்சிகோவுக்கும் போர்த்துகலுக்கும் குடிபெயர்ந்து செல்கிறார்கள். 2020-ஆம் ஆண்டில் மட்டும் 6,700-க்கும் அதிகமானவர்கள் அமெரிக்கப் பிரஜாவுரிமையையே துறந்தார்கள். அப்படித் துறப்பதற்கும் காசு கட்ட வேண்டும். 450 டாலராக இருந்த அந்தக் கட்டணத்தை 2014-ல் 2,350 டாலராக உயர்த்தினார்கள்.

காரணம் என்ன? அங்கே பெரும்பாலோருக்கு வைத்தியக் காப்பீடு வேலையோடு சேர்ந்து வருகிறது. வேலை போனால் வைத்திய வசதியும் போகிறது. கல்லூரியில் படித்தவன் கடனோடு வெளியே வருகிறான். வாடகை சம்பளத்தை விழுங்குகிறது. எந்தக் கட்சி பதவிக்கு வந்தாலும் பெருங்கம்பெனிகளின் ஆட்சி மாறுவதில்லை என்று கண்டவர்கள் மனம் கசந்து மூட்டை கட்டுகிறார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அப்படி வெளியேறக்கூடியவர் யார்? பென்ஷன் வருகிறவர், கையில் சேமிப்பு உள்ளவர், கம்ப்யூட்டர் மூலம் எங்கிருந்தும் வேலை செய்யக்கூடியவர். கலிபோர்னியாவில் பழம் பறிக்கிற விவசாயக் கூலி எந்த நாட்டுக்குப் போவான்? வாடகைக்கு வழியில்லாமல் காரில் படுத்துறங்குகிற குடும்பம் எந்தக் கப்பல் ஏறும்?

போகிறவர்கள் போன இடத்திலும் பிரச்சினை தீர்வதில்லை. டாலரோடு வருகிறவர்களைக் கண்டதும் மெக்சிகோ நகரத்து வீட்டுச் சொந்தக்காரன் வாடகையை ஏற்றுகிறான். பரம்பரையாகக் குடியிருந்த உள்ளூர்க்காரன் தெருவுக்கு வருகிறான். 2025 ஜூலையில் அந்த நகரத்தில் ஜனங்கள் இதை எதிர்த்து ஊர்வலம் நடத்தினார்கள். குடியேறி வந்த மனிதர்கள் மீது நமக்குக் கோபமில்லை. வாடகை வேட்டைக்குப் பயந்து ஓடியவரையே இன்னொரு ஊரில் வாடகை வேட்டைக்குக் கருவியாக்குகிறதே, அந்த முதலாளித்துவ ஏற்பாட்டைத்தான் நாம் சாடுகிறோம்.

வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த இளைஞர்களைப் பார்த்து, "அமெரிக்காவை நேசி, இல்லையேல் வெளியேறு" என்று அன்று கூச்சலிட்டார்கள். யுத்தத்துக்குப் போக மறுத்துப் பல்லாயிரம் பேர் கனடாவுக்குச் சென்றார்கள். அவர்களுக்கு மன்னிப்பு வழங்க 1977-ல் ஜனாதிபதி கார்ட்டர் வரவேண்டியிருந்தது. அதே அமெரிக்கா, நீக்ரோ மக்களின் மாபெரும் பாடகர் பால் ராப்சன் வெளிநாடு போகக் கூடாது என்று 1950-ல் அவருடைய பாஸ்போர்ட்டைப் பறித்தது. 1958 வரை திருப்பித் தரவில்லை. யார் போகலாம், யார் போகக் கூடாது என்று தீர்மானிக்கும் அதிகாரம் எந்த வர்க்கத்தின் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இலங்கைத் தோட்டங்களில் நடந்தது

இனி நம் கதைக்கு வருவோம்.

பஞ்சமும் கடனும் துரத்த, திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் ஜில்லாக்களிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் நம் ஜனங்கள் கங்காணிகளின் பின்னே இலங்கைக்குச் சென்றார்கள். காட்டு வழியில் நடந்தே மலைநாட்டை அடைந்தார்கள். வழியில் செத்தவர்களுக்குக் கணக்கில்லை. முதலில் காப்பி, பிறகு தேயிலை. இலங்கையின் வருமானத்துக்கு முதுகெலும்பாக இருந்த தோட்டங்களை உண்டாக்கியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்குக் கிடைத்தது லயத்தில் ஒரு காம்பரா. கங்காணியிடம் தீராத கடன்.

ஆனால் அவர்கள் என்றென்றைக்கும் தலைகுனிந்து நிற்கவில்லை. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளிகள் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கும் அவர்கள் வாக்கு துணைநின்றது.

இதுதான் ஆளும் வர்க்கத்தின் நெஞ்சில் குத்தியது! வெள்ளைக்காரன் போன அதே 1948-ல் சேனநாயக்கா சர்க்கார் பிரஜாவுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949-ல் வாக்குரிமையையும் பறித்தது. தகுதியுள்ளவர்கள் மனுச் செய்யலாம் என்று பெயருக்கு ஒரு சட்டமும் செய்தார்கள். 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்குத்தான். லயத்தில் பிறந்தவன் பிறப்புச் சான்றுக்கும் வசிப்புச் சான்றுக்கும் எங்கே போவான்?

இதை இனச் சண்டை என்று மட்டும் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். தமிழர் என்பதற்காக அவர்களைக் குறிவைத்தார்கள், உண்மை. சங்கம் வைத்த தொழிலாளிகள், இடதுசாரிகளுக்கு வாக்களித்த தொழிலாளிகள் என்பதற்காகவும் குறிவைத்தார்கள். அந்தச் சட்டத்தை அன்று அங்குள்ள இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன. தமிழ்த் தலைவர் செல்வநாயகமும் எதிர்த்து நின்றார்.

இரண்டு சர்க்கார்களும் ஒரு பேனாவும்

1964 அக்டோபர் 30-ஆம் தேதி இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேர் கதியைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். அவர்களையும் 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டின் பல்லைப் பார்த்து விலை பேசுவார்கள். இங்கே ஒரு தொழிலாளியின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எந்தத் தொழிற்சங்கத்தின் சம்மதத்தையும் பெறவில்லை. 1964-ல் சிறிமாவோ மந்திரிசபையில் லங்கா சமசமாஜக் கட்சியும் அங்கம் வகித்தது என்ற கசப்பான உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. பதவிக்காகப் பாட்டாளியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

"அவர்கள் தாமே மனுப் போட்டு வந்தவர்கள்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. தோழர்களே, வாக்கில்லை, பிரஜாவுரிமை இல்லை, பிள்ளைக்குப் படிப்பில்லை, சர்க்கார் உத்தியோகமில்லை என்று எல்லாக் கதவையும் சாத்திவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்துவைத்தால், அதன் வழியாகப் போகிறவன் விரும்பிப் போகிறானா? 1973, 74-ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி தாண்டவமாடியது. 1977-ல் கலவரம், 1983-ல் அதனினும் பெரிய கலவரம். வயிற்றையும் உயிரையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களின் கையெழுத்தைச் சம்மதம் என்று சொல்வது கொடுமை.

மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிவந்த ரயிலுக்கு ஜனங்கள் வைத்த பெயர் "அழுகைக் கோச்சி". அண்ணன் ஒரு நாட்டுக்கு, தங்கை இன்னொரு நாட்டுக்கு என்று பிரிந்தார்கள். கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது; அங்கிருந்து மண்டபம் முகாம். அந்த மண்டபம் எப்படிப்பட்ட இடம் தெரியுமா? வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்குக் கூலிகளை அனுப்புமுன் அடைத்துவைத்துச் சோதித்த முகாம்! தாத்தாவை அனுப்பிய வாசல் வழியாகவே பேரனை உள்ளே விட்டார்கள்.

நீலகிரியில் கண்டது என்ன?

வந்தவர்களுக்காக 1968-ல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. அது 1976 முதல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக நடக்கிறது. கோத்தகிரி, குன்னூர், சேரம்பாடி, நெல்லியாளம் பக்கங்களில் காட்டைத் திருத்திக் கன்று நட்டவர்கள் இவர்கள். அங்கே செய்த அதே வேலை; அதே கூடை; அதே அட்டைக்கடி; அதே லயம். நாடு மாறியது, வர்க்கம் மாறவில்லை. கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களில் கிடைத்த கூலிக்கு உழைத்தார்கள். "சிலோன்காரன்" என்று ஏளனம் செய்தார்கள். அங்கே "கள்ளத்தோணி", இங்கே "சிலோன்காரன்". இரண்டு இடத்திலும் உழைப்பு மட்டும் வேண்டும், உழைத்தவன் வேண்டாம்!

இன்றைய நிலை என்ன? தோட்டத்தில் ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்கிறது விதி. முப்பது, நாற்பது வருஷம் கொழுந்து பறித்த தாய் அறுபது வயதில் எங்கே போவாள்? கூடலூரில் 1969-ஆம் ஆண்டு ஜன்மம் நிலச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் அடங்கிய நிலங்களில் குடியிருக்கும் ஏழைகள் தலைமுறை கடந்தும் பட்டாவுக்குக் காத்திருக்கிறார்கள். ஜாதிச் சான்றிதழுக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். 2022-ல் தேயிலைக் கழகத்தின் 2,000 ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தை வன இலாகாவிடம் திருப்பி ஒப்படைக்க சர்க்கார் முடிவெடுத்தது. காடு வளரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த மண்ணை நம்பிய குடும்பம் எங்கே வாழ்வது என்பதற்குப் பதிலைச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறோம்.

இது தாயகம் திரும்பியோரின் பிரச்சினை மட்டுமல்ல. 1991-ல் சோவியத் யூனியன் சிதைந்தபின் நீலகிரித் தேயிலை தன் பெரிய சந்தையை இழந்தது. 1990-களின் பிற்பகுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது சிறு விவசாயி அழுதான். 1967-ல் உற்பத்தி தொடங்கிய நம் உதகை இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை 1996-ல் நலிந்த ஆலை என்று அறிவித்தார்கள்; பிறகு மூடியும் விட்டார்கள். மலைப் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்குகிறார்கள். அவர்கள் விட்ட இடத்தில் கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் தொழிலாளிகள் வருகிறார்கள். அவர்களை "வடக்கன்" என்று வெறுக்கச் சொல்லும் குரல் கேட்கிறது. எச்சரிக்கையாக இருங்கள்! நேற்று "சிலோன்காரன்" என்ற வாய்தான் இன்று இதைச் சொல்கிறது. வந்தவனைச் சங்கத்தில் சேர்த்தால் கூலி உயரும். விரட்டினால் முதலாளிக்கே லாபம்.

நின்றவர்கள் வென்றார்கள்

கடைசியாக ஒன்று சொல்கிறேன். இதை வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கென்று எழுதியவர்கள் 6,00,000 பேர். இந்தியாவுக்கு மனுப் போட்டவர்களோ சுமார் 5,06,000 பேர். மீதி 94,000 பேர் மனுப் போடவே மறுத்தார்கள். "எங்கள் மூதாதையர் எலும்பு இந்தத் தேயிலை வேரில் கிடக்கிறது, நாங்கள் ஏன் போக வேண்டும்?" என்று நின்றார்கள். தோட்டத் தொழிற்சங்கங்கள் விடாமல் போராடின. 1988-ல் அவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கச் சட்டம் வந்தது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்காக 2003-ல் இன்னொரு சட்டம் வந்தது. 1948-ல் பறித்ததை 55 ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது!

வந்தவர்கள் கோழைகள் என்று நான் சொல்லவில்லை. வந்தவர்களைத் துரத்தினார்கள். வந்த இடத்திலும் அவர்கள் சளைக்காமல் உழைத்து ஒரு மலையைப் பச்சையாக்கினார்கள். ஆனால் "பிடிக்காவிட்டால் போ" என்ற ஆளும் வர்க்கத்தின் கட்டளைக்கு ஜனங்கள் ஒன்றுசேர்ந்து "போகமாட்டோம்" என்று சொன்னால் சர்க்கார் பணிந்தே தீரவேண்டும் என்பதைச் சரித்திரம் காட்டியிருக்கிறது. போர்த்துகலுக்கு டிக்கெட் வாங்க வசதியில்லாத அமெரிக்கத் தொழிலாளிக்கும் வழி இதுதான். நமக்கும் இதுதான்.

ஆகவே இந்தக் கூட்டத்தின் சார்பில் நான்கு கோரிக்கைகளை முன்வைக்கிறேன். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் வீடும் மனைப் பட்டாவும் வேண்டும். மாற்று வாழ்வு தராமல் தேயிலைக் கழக நிலத்திலிருந்து ஒரு குடும்பத்தையும் அகற்றக் கூடாது. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியாகும் விலையைச் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். வெளிமாநிலத் தொழிலாளிக்கும் உள்ளூர்த் தொழிலாளிக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளை லயம் லயமாக, ஹட்டி ஹட்டியாக, காந்தலின் தெருத் தெருவாகக் கொண்டுசெல்லுங்கள். உழைத்த மண்ணில் வாழும் உரிமை உழைத்தவனுக்கே!