விழுந்துகொண்டே நிற்கும் பலகை

சைக்கிளில் ஒரு சக்கரம் முன்னும் மற்றொன்று பின்னுமாக இருக்கின்றன. நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட மின்சாரப் பலகையிலோ, இரண்டு சக்கரங்களும் மாட்டு வண்டியில் உள்ளவைபோல் ஓர் அச்சின் இரு முனைகளில் அமைந்திருக்கின்றன. மாட்டு வண்டி முன்னும் பின்னும் சாயாமல் இருப்பதற்கு நுகத்தடியைத் தாங்கும் மாடுகளே காரணம். மாடுகளை அவிழ்த்துவிட்டால் வண்டி ஏதேனும் ஒரு பக்கம் சாய்ந்து தரையைத் தொட்டுவிடும். இந்தப் பலகைக்கு மாடும் இல்லை, நுகமும் இல்லை. எனினும் இதன்மேல் ஒருவர் ஏறி நிற்கலாம், நின்றபடியே முன்னே செல்லலாம், பின்னே வரலாம், நின்ற இடத்திலேயே வட்டமிடலாம்.

இவ்வகை வாகனத்தை உலகம் பெரிதும் அறிந்துகொண்டது 2001 டிசம்பரில். டீன் கேமன் என்ற அமெரிக்கர் 'செக்வே' என்ற பெயருடன் அதை நியூயார்க்கில் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1980களில், கஸுவோ யமபுஜி என்ற ஜப்பானியப் பேராசிரியர் இதே தத்துவத்தில் இயங்கும் யந்திரத்தை அமைத்திருந்தார். செக்வேயின் விலை ஏறக்குறைய 5,000 டாலர். நகரங்களின் உருவத்தையே மாற்றிவிடும் என்று புகழப்பட்ட அவ்வண்டி அப்படி எதனையும் மாற்றிவிடவில்லை. 2020 ஜூலையில் அதன் உற்பத்தியும் நின்றுவிட்டது. ஆனால் தத்துவம் பரவிவிட்டது. மும்பையில் வாழும் நேயர்கள், 2020ல் அந்நகரப் போலீஸார் கடற்கரைச் சாலையில் ரோந்து செல்வதற்கு இவ்வகை வண்டிகள் அளிக்கப்பட்டதை நினைவில் வைத்திருக்கக்கூடும். 2002லேயே டிரெவர் பிளாக்வெல் என்ற பொறிஞர், கடையில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டே இத்தகைய வண்டியைத் தம் கையால் செய்து, செய்த விதத்தையும் உலகறிய எழுதி வைத்தார். அன்று தொட்டு, செய்து பார்க்கும் ஆசை கொண்டவர்களுக்குக் குறைவில்லை. டில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றைச் சேர்ந்த நாங்களும் அவ்வாசைக்கு ஆளானோம்.

சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, அப்படியே டில்லிக்குச் செங்கோட்டையின் எதிரிலுள்ள லாஜ்பத் ராய் மார்க்கெட், மும்பைக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு, கொல்கத்தாவுக்குச் சாந்தினி சௌக். பேரம் ஹிந்தியில் நடந்தது. எந்த மோட்டாரை வாங்குவது என்ற விவாதம் மட்டும் தமிழில் நடந்தது. கடைக்காரருக்குப் புரியாத மொழி ஒன்று நம்மிடம் இருப்பது எத்துணை உதவி என்பதை வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் நன்கு அறிவார்கள். பல்சக்கரம் பொருந்திய 24 வோல்ட், 250 வாட் மோட்டார்கள் இரண்டு; குழந்தைகள் சைக்கிளின் 16 அங்குலச் சக்கரங்கள் இரண்டு; சங்கிலிகள்; 12 வோல்ட் ஈயப் பாட்டரிகள் இரண்டு; கெட்டியான ஒட்டுப் பலகை; அதைத் தாங்க இரும்புச் சட்டம்; பிடித்துக்கொள்ள இடுப்பளவு உயரமுள்ள இரும்புக் குழாய். இரும்பு வேலை முழுவதையும் வெல்டிங் பட்டறை ஒன்றில் செய்வித்துக்கொண்டோம். மொத்தச் செலவு செக்வேயின் விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே.

இனி, பலகை எவ்வாறு நிற்கிறது என்பதைப் பார்ப்போம். நீண்ட கோல் ஒன்றை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்தும் விளையாட்டை நம்மில் விளையாடாதார் இலர். கோல் முன்னே சாய்ந்தால் கையை முன்னே கொண்டுபோகிறோம். பின்னே சாய்ந்தால் பின்னே இழுக்கிறோம். கை ஓயாது அசைந்துகொண்டே இருக்கிறது. கோல் ஓயாது விழுந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு விழுகையும் முற்றுப் பெறுமுன் கை அதன் அடியில் சென்று தாங்கிவிடுகிறது. பலகையில் ஏறி நிற்பவரே அந்தக் கோல். சக்கரங்களே அந்தக் கை. கோல் நீளமானதாக இருந்தால் மெல்லச் சாயும், நிறுத்துவது எளிது. பென்சிலை அப்படி நிறுத்திப் பாருங்கள், இயலாது. கண் காணுமுன் விழுந்துவிடும். ஆகவேதான் ஆள் ஏறிய பலகையைவிட வெறும் பலகை அதிகம் துடிக்கிறது. ஆளின் உயரத்துக்கும் எடைக்கும் ஏற்ப அமைத்த விசையளவு வெறும் பலகைக்கு மிகையாகிவிடுகிறது.

கண்ணும் மூளையும் செய்யும் வேலையை இங்கே செய்வது, விரல் நகத்தினும் சிறிய ஒரு சில்லும், அதன் சொற்கேட்டுக் கணக்கிடும் ஒரு சிறு கணிப்பொறியும். சில்லுக்குள் இரண்டு உணரிகள் இருக்கின்றன. ஒன்று, பலகை எவ்வளவு விரைவாகச் சாய்கிறது என்பதை உணர்வது. மற்றொன்று, புவியீர்ப்பின் திசையைக் கொண்டு 'கீழ்' என்பது எப்பக்கம் என்று உணர்வது. இரண்டிலும் குறை உண்டு. முதலாவதன் சொல்லை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிச் சாய்வை அறியலாம்; ஆனால் சிறு பிழைகளும் சேர்ந்து கூடி, சில நிமிஷங்களில் நேராக நிற்பதையே சாய்ந்திருப்பதாகச் சொல்லத் தொடங்கும். இரண்டாவதோ, சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலே கலங்கிவிடும். மளிகைக் கடைக்காரர் அன்றாடக் கணக்கைத் தம் பேரேட்டை நம்பி நடத்துகிறார். இடையிடையே கல்லாப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துப் பேரேட்டைத் திருத்திக்கொள்கிறார் அன்றோ? அம்முறையே இங்கும் கையாளப்படுகிறது. நொடிக்கு 100 முறை சாய்வைக் கணக்கிடுகிறோம். ஒவ்வொரு முறையும் முதல் உணரிக்கு நூற்றுக்கு 98 பங்கு மதிப்பும், இரண்டாவதற்கு 2 பங்கு மதிப்பும் அளிக்கிறோம். அந்த இரண்டு பங்கே பிழையைக் குவியவிடாமல் காக்கிறது. சாய்வின் அளவுக்கும் சாயும் விரைவுக்கும் தக்கபடி மோட்டார்களுக்கு மின்சாரம் செல்கிறது. கருவி இவ்வளவே.

இவ்வளவே என்று சொன்னோம். ஆயினும் பலகை செய்ய முனையும் இளைஞர் பலர் கவனியாமல் விடும் செய்தி ஒன்று இருக்கிறது. மற்ற வண்டிகள் எவற்றிலும் மின்சாரம் அற்றுப்போனால் வண்டி மெல்ல நிற்கும். இதில் மின்சாரம் அற்றுப்போனால் ஆள் விழுவார். 2003ல் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜார்ஜ் புஷ் செக்வேயின்மீது ஏறி, ஏறிய கணமே தடுமாறி இறங்க நேர்ந்தது; வண்டி இயக்கி வைக்கப்படவில்லை என்று அப்போது செய்திகள் கூறின. அது நகைப்போடு போயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் சுமார் 6,000 செக்வே வண்டிகள் திருத்தத்துக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. பாட்டரி தீரும் தறுவாயில், வேண்டிய விசையைத் தர இயலாமல், ஏறியவர் விழக்கூடும் என்பதே அதற்குக் காரணம். அவ்வண்டியிலோ எல்லாம் இரட்டை: பாட்டரி இரண்டு, கணிக்கும் மின்சுற்று இரண்டு, ஒவ்வொரு மோட்டாரிலும் கம்பிச் சுருள் இரண்டு. ஒன்று பழுதானால் மற்றொன்று, வண்டியை மெல்ல நிறுத்தும் அளவுக்கேனும் தாங்கும். வீட்டில் செய்யும் பலகைக்கு இந்த இரட்டைக் காவலைத் தருவது அரிது. அங்கே பணம் செய்யும் வேலையை இங்கே நிதானம் செய்தல் வேண்டும் என்பது எங்கள் கருத்து.

நிதானம் என்று நாங்கள் கூறுவது அறிவுரையாக அன்று, அது கணக்கு. எங்கள் சக்கரம் ஒரு முறை சுழன்றால் பலகை ஏறக்குறைய 1.25 மீட்டர் நகரும். ஆளைச் சுமந்து நிமிஷத்துக்கு 160 முறை சுழற்றுவதே மோட்டாரின் எல்லை. எனவே உச்ச வேகம் நிமிஷத்துக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர். அந்த வேகத்தில் செல்லும்போது ஒருவர் இன்னும் சிறிது முன்னே சாய்ந்தால் என்ன ஆகும்? அவரைத் தாங்குவதற்குச் சக்கரங்கள் அவரைவிட விரைந்து முன்னே ஓடுதல் வேண்டும். அதற்கு மேல் ஓட மோட்டாரில் விசை இல்லை. அவர் முகங்குப்புற விழுவார். ஆகவே மணிக்கு 8 கிலோமீட்டரையே எல்லையாக வைத்தோம். அவ்வெல்லையை நெருங்கும்போது பலகையின் முன்புறம் தானாகவே சற்று நிமிர்ந்து, நிற்பவரைப் பின்னே தள்ளும்படி செய்தோம். எஞ்சிய 4 கிலோமீட்டர் வேகம் ஓட்டுவதற்கு உரியது அன்று. விழுபவரைத் தாங்குவதற்கு உரியது. இளைஞர்கள் அந்த மிச்சத்தை வீண் என்று கருதி வாதாடினார்கள். நாங்கள் இணங்கவில்லை.

காவல் என்று பெயர் கொண்ட சில அமைப்புகளும் இங்கே கேடாய் முடியலாம். லித்தியம் பாட்டரிகளுக்குள் ஒரு காப்புச் சுற்று இருக்கிறது. மின்னோட்டம் மிகுந்தால் அது பாட்டரியைக் காக்கும்பொருட்டு இணைப்பைத் துண்டிக்கும். பாட்டரி பிழைத்துக்கொள்ளும், ஆள் விழுவார். சரிவில் இறங்கும்போது மோட்டாரே மின்சாரத்தை உண்டாக்கிப் பாட்டரிக்குத் திருப்பியனுப்புகிறது. பாட்டரி முழுதும் நிறைந்திருந்தால் அப்போதும் காப்புச் சுற்று துண்டித்துவிடலாம். கனமானதாயினும் ஈயப் பாட்டரியை நாங்கள் விரும்பியதன் காரணம் இதுவே. தீப்பற்றும் அபாயமும் நினைவில் இருந்தது. கைப்பிடியற்ற சிறு பலகைகள் 2015ல் உலகெங்கும் விற்றுத் தீர்ந்தன. அவற்றின் லித்தியம் பாட்டரிகள் எரிந்ததனால், 2016 ஜூலையில் அமெரிக்காவில் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவை திரும்ப அழைக்கப்பட்டன. ஃப்யூஸையும் இவ்வாறே யோசித்து வைத்தல் வேண்டும். சக்கரம் கல்லில் தடுக்கும்போது ஒரு நொடி பாயும் மிகை மின்னோட்டத்துக்கெல்லாம் அது உருகிவிடலாகாது; கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் மட்டும் உருகுதல் வேண்டும். மோட்டார்கள் திடீரென இழுக்கும்போது வோல்ட் தாழ்ந்து, கணிப்பொறி ஒரு கணம் மயங்கி மீண்டும் தொடங்கக்கூடும். அந்த ஒரு கணம் விழுவதற்குப் போதும். எனவே கணிப்பொறிக்கென்று தனியாக ஒரு சிறு பாட்டரி வைத்தோம்.

முதல் சோதனையில் ஆள் ஏறவில்லை. வீட்டின் பின்புறக் கொட்டகையின் உத்தரத்திலிருந்து கயிறு கட்டிப் பலகையைத் தொங்கவிட்டு, சாய்த்த பக்கமே சக்கரங்கள் சுழல்கின்றனவா என்று பார்த்தோம். கம்பி இடம் மாறியிருந்தால் சாயும் பக்கத்துக்கு எதிராகச் சுழன்று, விழுபவரை விரைவாக விழச் செய்யும். பிறகு குழாயில் மணல் மூட்டையைக் கட்டிப் பார்த்தோம். அதன் பின்னரே, தலைக்கவசமும் முழங்கால் உறையும் அணிந்து, இருவர் இருபுறமும் நிற்க, ஒருவர் ஏறினார்.

ஏறியவுடன் எவரும் செய்வது குழாயை இறுகப் பற்றுவதே. பற்றியவர் தம்மையறியாமல் அதை இழுக்கிறார், பலகை பின்னே வருகிறது, அஞ்சித் தள்ளுகிறார், முன்னே பாய்கிறது. இவ்வாறு ஊஞ்சலாடிக் களைத்த பின்பே கை தளர்கிறது. கை தளர்ந்ததும் பலகை அடங்கிவிடுகிறது! சிறுவர்கள் ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொண்டார்கள். அலுவலகத்தில் நாற்காலியில் அமர்ந்து பழகிய பெரியவர்களுக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. இடுப்பை வளைத்துக் குனிவது உதவாது. கணுக்காலிலிருந்து உடல் முழுவதும் ஒரே கோடாகச் சாய்தல் வேண்டும். பார்வை காலடியில் இருக்கலாகாது. பத்தடி தூரத்தில் இருத்தல் நலம். நிற்க விரும்பிப் பின்னே சாய்ந்தால், சக்கரங்கள் முதலில் சற்று முன்னே ஓடிப் பிறகே நிற்கும். ஓடி வருபவர் நிற்கும்போது காலை முன்னே ஊன்றுவது போன்றதே அது. ஆயினும் சுவரை நோக்கிச் செல்லும்போது அது உள்ளத்தைக் கலக்குகிறது. ஆகவே திறந்த இடத்திலேயே பழகினோம். பொதுச் சாலைக்கு இதைக் கொண்டுபோகவில்லை. அங்கே ஓடும் வண்டிக்குச் சோதனை நிலையத்தின் ஒப்புதல் வேண்டும். வீட்டில் செய்த பலகைக்கு அது கிடையாது.

இறங்கும் முறையைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டி முற்றிலும் நின்ற பின், ஒரு காலைப் பின்புறமாகத் தரையில் வைத்து, உடனே மற்றக் காலையும் எடுத்துவிடுதல் வேண்டும். ஒரு கால் பலகையிலும் ஒரு கால் தரையிலுமாகத் தயங்கினால், மிதித்த காலின் சாய்வையே கட்டளையாகக் கொண்டு அது நகரத் தொடங்கும். இரு கால்களும் நீங்கியவுடன் மோட்டார்களை நிறுத்திவிடும் ஸ்விட்ச் பலகையின் அடியில் இருக்கிறது. அப்போதும் குழாயைக் கையினின்று விடலாகாது. விட்டால் பலகை, மாடு அவிழ்த்த வண்டியைப் போல, முன்னோ பின்னோ சாய்ந்து தரையைத் தொட்டுவிடும். அருகில் சிறு குழந்தைகள் நின்றால் குழாய் அவர்கள்மேல் விழும். பிடித்தபடியே சுவரோரம் நடத்திக்கொண்டுபோய்ச் சாத்திவைத்து, பாட்டரியின் இணைப்பைக் கழற்றிய பிறகே அடுத்தவரை அழைப்பது எங்கள் வழக்கம்.